இஸ்மிரில் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் துருக்கிப் பயணக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. இஸ்தான்புல், கப்படோக்கியா பலூன் எல்லாம் சரி, படங்களும் நன்றாகவே இருந்தன. கடைசிக்கு முந்தின பத்தியில் மட்டும் ஒரு வரி: இஸ்மிர் நகரில் பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்திலுள்ள பழைய நகரமான எபேசு போகிறவர்கள் ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்பினால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். தீயைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் எழுத்தாளன் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். என் மனைவியின் சபையிலிருந்து 'ஏழு சபைகள்' சுற்றுலா என்று முப்பத்திரண்டு பேர் கிளம்பினார்கள், நான் துணைக்குப் போனேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் பெயர் வருகிற எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஏழும் இன்றைய மேற்குத் துருக்கியில்தான் இருக்கின்றன. சிமிர்னாதான் இஸ்மிர். மற்ற ஆறில் சில சின்ன ஊர்களாகிவிட்டன, சில வெறும் தூணும் கல்லும். அன்றும் துறைமுக நகரம், இன்றும் துறைமுக நகரம் என்று நிற்பது இது ஒன்றுதான். துருக்கியில் இஸ்தான்புல், அங்காராவுக்கு அடுத்த பெரிய ஊர்.

அப்படிப்பட்ட ஊருக்கு எங்கள் பயணத் திட்டத்தில் ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம். கோனாக் சதுக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி, மணிக்கூண்டு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, அப்புறம் புனித போலிகார்ப்பு ஆலயத்துக்குக் கூட்டிப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு வர வேண்டுமாம், எங்களைக் கூட்டி வந்தவர்கள் சொல்லி வைக்கவில்லை. வாசலில் நின்றபடி ஒரு ஜெபம், ஒரு பாட்டு, மறுபடி பஸ். பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்த வழிகாட்டி சொன்னதும் உங்கள் கட்டுரையாளர் எழுதியதும் அட்சரம் பிசகாமல் ஒன்றுதான்: "இஸ்மிர்ல பெருசா பார்க்க ஒண்ணும் இல்ல." எல்லாரும் தலையாட்டினோம். பொய் சொல்வானேன், நானும்தான் ஆட்டினேன்.

மறுநாள் எபேசுவில், நூலகத்துக்கு இறங்கும் பளிங்குத் தெருவில் என் மனைவிக்குக் கால் வழுக்கிவிட்டது. எத்தனை நூறு வருடம் ஜனங்கள் மிதித்துத் தேய்த்த கல், எண்ணெய் தடவினது போல் இருக்கிறது. எலும்பு முறிவில்லை, கணுக்கால் சுளுக்கி பன் மாதிரி வீங்கிவிட்டது. கூட்டம் அடுத்த நாள் சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா, பாமுக்கலே என்று இரண்டு நாள் உள்நாட்டுக்குப் போயாக வேண்டும். அவளால் முடியாது. சரி, நீங்கள் போய்வாருங்கள், நாங்கள் இஸ்மிர் ஓட்டலிலேயே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டோம். ஏழில் நாலுதான் பார்த்தாய் என்று சபையில் அவளை இன்றுவரை கேலி செய்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில்தான் இஸ்மிரைப் பார்த்தோம்.

முதல் நாள் அவள் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள், நான் மட்டும் கெமெரால்ட்டி கடைத்தெருவுக்குள் போனேன். பெரிய பஜார். தோல் செருப்பு, மணப்பெண் உடுப்பு, ஆலிவ், உலர்ந்த அத்திப்பழம், ஒரு சந்து முழுக்க மீன். இதெல்லாம் எந்தப் பஜாரிலும் இருக்கும். எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு. அனஃபர்தலார் என்கிற முக்கியத் தெருவில் நடக்க ஆரம்பித்தால் அது நேராகப் போகவே மாட்டேன் என்கிறது. ஒரே பக்கமாக, சீராக, வில் மாதிரி வளைந்துகொண்டே போகிறது. சந்தைத் தெரு கோணல்மாணலாக இருப்பது சகஜம்தான், ஆனால் இது கோணல் இல்லை. முப்பது வருடம் துறைமுக வரைபடம் பார்த்த கண்ணுக்கு இந்த வளைவு என்னவோ சொல்கிறதே என்று யோசித்துக்கொண்டே போய், ஒரு கடைக்காரத் தம்பியிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தரையைக் காட்டி "தெனிஸ், தெனிஸ்" என்றார். கடல். பழைய உள்துறைமுகத்தின் கரைதான் அந்தத் தெரு. மண் படிந்து படிந்து துறைமுகம் தூர்ந்துபோய், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அதன் மேலேயே கடையும் சத்திரமும் கட்டிக்கொண்டார்கள். கரையோரப் பாதை கடைத்தெருவாகிவிட்டது, வளைவு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நான் அதுவரை நடந்து வந்ததும், இடது பக்கத்தில் உள்ளாடை விற்றுக்கொண்டிருந்ததும் கப்பல் நின்ற தண்ணீரின் விளிம்பில். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

அந்தத் துறைமுக வாயிலில் ஒரு கோட்டை இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் மேலே மலைக்கோட்டை துருக்கியர் கையில், கீழே இந்தக் கடற்கோட்டை கிறிஸ்தவ வீரர்கள் கையில் என்று ஒரே ஊர் இரண்டாக நின்றது, 1402-இல் தைமூர் வந்து கீழ்க்கோட்டையைப் பிடிக்கும்வரை. கோட்டை இப்போது இல்லை. பக்கத்தில் கட்டிய மசூதிக்கு ஹிசார் மசூதி, அதாவது கோட்டை மசூதி என்று பெயர் மட்டும் மிச்சம்.

மசூதிக்குப் பக்கத்திலேயே கிஸ்லராகாசி ஹான். 1744-இல் கட்டிய வணிகர் சத்திரம், நடுவில் முற்றம், சுற்றி இரண்டு அடுக்காக அறைகள். உள்நாட்டிலிருந்து ஒட்டகத்தில் வந்த சரக்கும் கப்பலில் ஏறப்போகிற சரக்கும் கைமாறின இடம். இப்போது முற்றத்தில் ஸ்டூல் போட்டுக் காபி விற்கிறார்கள். இங்கே காபியைத் தனிப் பாத்திரத்தில் காய்ச்சி ஊற்றுவதில்லை. நாம் குடிக்கப்போகிற கோப்பையிலேயே பொடியும் தண்ணீரும் போட்டு, கோப்பையைத் தணலில் செருகிவிடுகிறார்கள். கடைக்காரர் ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோப்பைகளைப் பார்த்துக்கொள்கிறார், நுரை விளிம்புக்கு ஏறி வழியப்போகும் அந்த நொடியில் வெறும் கையால் வெடுக்கென்று எடுத்து தட்டில் வைக்கிறார். கோப்பையின் அடி கரியேறிப் போயிருந்தது. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு லோக்கும் மிட்டாய். வண்டல் வாய்க்குள் போகும்வரை குடித்துவிட்டேன், பக்கத்திலிருந்த பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். கடைசி அரை அங்குலத்தை விட்டுவிட வேண்டுமாம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டம் ஒன்பது நாளும் எங்கே இந்தியச் சாப்பாடு என்று தேடியே போயிற்று, அது கிடைக்காத இடத்தில் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும். நானும் அதில் ஒருவன். ஆனால் இஸ்மிரில் காலையில் பொயோஸ் என்று ஒன்று வாங்கினேன். மாவை எண்ணெயில் ஊறப்போட்டு, வீசி மெல்லிசாக்கி, சுருட்டி, அடுப்பில் சுடுகிறார்கள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அதில் ஓர் உறவு தெரியாமல் போகாது. அதை அவித்த முட்டையோடும் டீயோடும் சாப்பிடுவது அங்கே வழக்கம். 1492-இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் உதுமானியர் ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்களே, அவர்களோடு வந்த பலகாரம் இது. பஜாருக்குள் யூத ஆலயத் தெரு என்றே ஒன்று இருக்கிறது, ஆலயங்கள் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் கத்தரிக்காய்க் கடை. எள் ஒட்டின வளையரொட்டியை இஸ்தான்புல்லில் சிமித் என்று கேட்டுப் பழகியிருந்தேன், இங்கே சிமித் என்றதும் ரொட்டி விற்ற அம்மா "கெவ்ரெக்" என்று திருத்திவிட்டுத்தான் கொடுத்தார். ஊர்ப்பெருமை எல்லா ஊரிலும் உண்டு.

மணிக்கூண்டுக்கு வருகிறேன், எல்லாரும் படம் எடுக்கிற இடமாயிற்றே. 1901-இல், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டமேறிய இருபத்தைந்தாம் வருடத்துக்காகக் கட்டியது. இருபத்தைந்து மீட்டர் உயரம். கடிகாரம் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். கட்டட வரைவு ரேமோன் பெரே என்கிற பிரெஞ்சுக்காரர். இதே பெரேதான் நாங்கள் பூட்டின கதவோடு திரும்பிய போலிகார்ப்பு ஆலயத்தின் உள்ளே சுவரிலும் கூரையிலும் ஓவியம் தீட்டியவர். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்காகத் தொலைபேசியில் பேசி நேரம் வாங்கிக் கொடுத்ததால் இரண்டாம் நாள் உள்ளே போக முடிந்தது. போலிகார்ப்பு இந்த ஊர் ஆயர், 2-ஆம் நூற்றாண்டில் எண்பத்தாறு வயதுக் கிழவராக இங்கேயே கொல்லப்பட்டவர். அந்தக் கொலைக் காட்சியில் கை கட்டப்பட்டு நிற்கிற ஒருவருக்கு பெரே தன் முகத்தையே போட்டிருக்கிறார். நகரின் நடுவில் சுல்தானுக்குக் கூண்டு கட்டிய கை, நாலு தெரு தள்ளி ஆலயத்துக்குள் தன்னையே கைதியாக வரைந்திருக்கிறது. இது நாற்பது நிமிடத்தில் தெரிகிற சமாசாரமா, சொல்லுங்கள்.

இப்போது தீ.

'பார்க்க ஒன்றுமில்லை' என்பவர்கள் பெரும்பாலும் சொல்வது, கடற்கரை நெடுக ஒரே உயரத்துக்குச் சுவர் எழுப்பினது போல அடுக்குமாடிகள்தான், பழைய கட்டடம் எங்கே என்பது. நியாயமான கேள்வி. கோர்டோன் என்கிற அந்தக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் புல்தரையில் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் தோன்றும். மூவாயிரம் வருட ஊர் என்கிறார்கள், ஏன் எல்லாமே நம் அப்பா காலத்துக் கட்டடமாக இருக்கிறது?

1922 செப்டம்பரில் எரிந்து போனதால்.

1919 மே 15-ஆம் தேதி கிரேக்கப் படை இங்கே வந்து இறங்கியது. மூன்று வருடம் நாட்டின் உட்பகுதியில் துருக்கியரோடு போர். 1922 ஆகஸ்ட் கடைசியில் அந்தப் படை உடைந்து கடலை நோக்கி ஓடி வந்தது, ஊர் ஊராக எரித்துக்கொண்டே வந்தது. பின்னாலேயே செப்டம்பர் 9-ஆம் தேதி துருக்கியக் குதிரைப்படை நகருக்குள் நுழைந்தது. 13-ஆம் தேதி அர்மீனியர் குடியிருப்பில் தீப் பிடித்தது. யார் வைத்தது என்று இன்றுவரை இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்: கிரேக்கர்களும் அர்மீனியர்களும் அன்று பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் பலரும் துருக்கியப் படையினர் என்கிறார்கள், துருக்கியில் கேட்டால் ஓடிப்போனவர்களே கொளுத்திவிட்டுப் போனார்கள் என்பார்கள். காற்று துருக்கியர், யூதர் தெருக்களுக்கு எதிர்ப்பக்கம் வீசியது. அதனால் கெமெரால்ட்டி தப்பியது. அர்மீனியர், கிரேக்கர், ஐரோப்பியர் இருந்த பகுதிகள் தண்ணீர் வரைக்கும் எரிந்தன. வீட்டைவிட்டு ஓடி வந்த ஜனங்களும், உள்நாட்டிலிருந்து ஏற்கனவே வந்து குவிந்திருந்த ஜனங்களும், லட்சக்கணக்கில், இந்தக் கடற்கரைச் சாலையில் நின்றார்கள். பின்னால் நெருப்பு, முன்னால் கடல். வளைகுடாவில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா எல்லா நாட்டுப் போர்க்கப்பல்களும் நங்கூரம் போட்டு நின்றன. நடுநிலை என்று அவர்களுக்கு உத்தரவு. முதலில் தங்கள் நாட்டு ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள், தீ முற்றிய பிறகுதான் மற்றவர்களில் சிலரையும். செத்தவர்கள் எண்ணிக்கை பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது எண்ணாகப் படவில்லை, இடமாகப் பட்டது. அந்தச் சாலையோரக் கப்பல்துறை பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது, சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம். அத்தனை நீளத்தில் அத்தனை பேர் நின்றால் ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஓரத்தில் நிற்பவனைக் கூட்டம் தள்ளினால் நேராகத் தண்ணீர்தான். படி கிடையாது, மணல் கிடையாது. அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குப் பிறகு அது உள்ளே இறங்கவில்லை.

கடைசியில் அவர்களைக் கொண்டுபோனது எந்தப் பேரரசும் இல்லை. ஏசா ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க மெத்தடிஸ்ட் போதகர், ஊருக்கு வந்து சில வாரமே ஆனவர், கூன் விழுந்த குள்ள மனிதர். அவர் லெஸ்போஸ் தீவுக்குப் போய், அங்கே சும்மா நின்ற கிரேக்கக் கப்பல்களைக் கேட்டு மன்றாடி வாங்கி, செப்டம்பர் 24-ஆம் தேதி வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். துருக்கியப் படை கொடுத்திருந்த கெடு மாத முடிவு. ஒரு வாரத்துக்குள் லட்சக்கணக்கான பேர் ஏறிப்போனார்கள். போருக்குப் போகும் வயதுள்ள ஆண்களை விடவில்லை, பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்தான். அடுத்த வருடம், போரை முடித்த லொசான் ஒப்பந்தத்தோடு சேர்ந்த மக்கள் பரிமாற்றம்: அனடோலியாவின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அங்கே, கிரேக்க நாட்டு முஸ்லிம்கள் இங்கே. போனவர்கள் ஏதென்ஸ் பக்கத்தில் நியா ஸ்மிர்னி, புது சிமிர்னா, என்று ஊர் கட்டிக்கொண்டார்கள். கிரீட், சலோனிக்காவிலிருந்து வந்தவர்கள் இஸ்மிரில் குடியேறினார்கள். இன்று அங்கே ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருகிற காட்டுக்கீரை வகைகள் கிரீட் முஸ்லிம் அடுப்பிலிருந்து வந்தவை. எரிந்த இடத்தின் பெரும் பங்கில் 1936-இல் கல்தூர்பார்க் என்ற பூங்காவைத் திறந்தார்கள், வருடா வருடம் அதில்தான் பெரிய பொருட்காட்சி நடக்கும். பனைமரம், செயற்கைக் குளம், ஓடுகிற பிள்ளைகள். நான் போன அன்றைக்கு ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 9 அங்கே விடுதலை நாள், கொடி கட்டிக் கொண்டாடுகிறார்கள், பல்கலைக்கழகத்துக்கே 'ஒன்பது செப்டம்பர்' என்று பெயர். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான், அந்நியப் படை வெளியேறிய நாள். கடற்கரையில் நின்று செத்தவர்களுக்கு ஒரு கல்வெட்டாவது இருக்கிறதா என்று கோர்டோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

இரண்டாம் நாள் மனைவியையும் கிளப்பிவிட்டேன். நொண்டிக்கொண்டு போகக்கூடிய இடமாகப் பார்க்க வேண்டுமே. அசான்சோர் என்று ஒன்று இருக்கிறது, பெயரே லிஃப்ட் என்று அர்த்தம். கடலோரத் தெருவுக்கும் மலைமேல் தெருவுக்கும் நடுவில் செங்குத்துப் பாறை, 155 படி ஏறித்தான் போக வேண்டும் என்றிருந்தது. நெசிம் லெவி என்ற யூத வணிகர் 1907-இல், முடியாதவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஏற வேண்டுமே என்று செங்கல் கோபுரம் எழுப்பி உள்ளே லிஃப்ட் வைத்தார். நூறு வருடம் கழித்துத் தூத்துக்குடிக்காரி ஒருத்திக்கும் உதவியது. மேலே போனால் வளைகுடா முழுக்கத் தெரிகிறது, அவள் அரைமணி நேரம் அங்கிருந்து நகரவில்லை.

அப்புறம் படகு. கோனாக்கிலிருந்து எதிர்க்கரை கார்ஷியாகாவுக்குப் பொதுப் போக்குவரத்துப் படகு, பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் உள்ள அதே அட்டையைத் தட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற படகுதான், சுற்றுலாப் படகு இல்லை. கடற்காகங்கள் பின்னாலேயே வருகின்றன, ரொட்டித் துண்டை உயர்த்திப் பிடித்தால் விரல் படாமல் கொத்திக்கொண்டு போகின்றன. பிற்பகல் ஆனால் இம்பாத் என்று ஒரு கடற்காற்று கிளம்பும், அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

எதிர்க்கரையில் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு நீள வரிசை. நடுவில் ஒரு வண்டி, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி. வளையம் வளையமாக மாவைப் போட்டு எடுத்து, பாகில் தோய்த்து, காகிதக் கிண்ணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லொக்மா. நல்ல கடை போலிருக்கிறது என்று நாங்களும் நின்றோம். முறை வந்ததும் நான் காசை நீட்ட, சட்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஒரு பெண்மணியின் படம், கீழே பெயர். இறந்து போனவர். அவர் பெயரில் அந்தக் குடும்பம் தெருவில் போகிற எல்லாருக்கும் பொரித்துக் கொடுக்கிறது. ஏழை பணக்காரர் கணக்கில்லை. சூட்கேஸ் வைத்திருந்தவர், பள்ளிக்கூடப் பையன், போலீஸ்காரர், நாங்கள். ஓரமாக முக்காடிட்ட ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், மகளாக இருக்கும். வாங்கின ஒவ்வொருவரும் அவளைப் பார்த்து "அல்லா ரஹ்மெத் எய்லெசின்", அல்லா கருணை காட்டட்டும், என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். எங்களுக்கு வாயில் வரவில்லை. என் மனைவி கும்பிட்டாள். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள்.

பாகு விரலெல்லாம் ஒட்ட, படகுத் துறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தக் கரைல செத்தாங்கன்னு சொன்னீங்களே, அவங்களுக்கு யாரு பொரிச்சாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெயில் காலத்தில் வளைகுடா நாறும், ஊர்க்காரர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் கரையெல்லாம் மீன் செத்து ஒதுங்கியது உலகச் செய்தியாயிற்று. வளைகுடா ஆழமில்லாதது, மூடினது, கழிவு போய்ச் சேருகிறது, கெதிஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் வேறு. அந்த ஆறு துறைமுகத்தையே தூர்த்துவிடும் என்று பயந்து 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேயே அதன் முகத்தை வடக்கே திருப்பிவிட்டார்கள். திருப்பாமல் விட்டிருந்தால் இஸ்மிரும் இன்னொரு எபேசுதான், எபேசுவும் ஒரு காலத்துத் துறைமுகம், இப்போது கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. ஆற்று முகத்தில் இப்போது உப்பளம், அதில் பூநாரை கூடு கட்டுகிறது என்று கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நேரமில்லை, போகவில்லை.

நிலநடுக்கம் இன்னொரு பயம். 2020 அக்டோபர் 30-ஆம் தேதி சாமோஸ் தீவுப் பக்கம் குலுங்கியதில் இஸ்மிரின் பைரக்லி பகுதியில் அடுக்குமாடிகள் சரிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இது அந்த ஊருக்குப் புதிதில்லை. கி.பி. 178-இல் ஊர் முழுக்க விழுந்தபோது அயீலியஸ் அரிஸ்டைடீஸ் என்ற பேச்சாளர் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கு ஒரு கடிதம் எழுதினார், படித்துவிட்டு அவர் கண்ணீர் விட்டு ஊரைத் திரும்பக் கட்டச் சொன்னாராம். கடிதம் எழுதினால் நடக்கிற காலம் அது. அப்படித் திரும்பக் கட்டின அகோராச் சந்தையின் வளைவுகள் இன்றும் ஊர் நடுவில், சுற்றிலும் துணி காய்கிற வீடுகளுக்கு மத்தியில் நிற்கின்றன. டிக்கெட் வாங்கிக் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், வெளியே நின்று பார்த்துவிட்டு வராதீர்கள்.

பஸ்மானே ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள மலிவு ஓட்டல் தெருக்களைப் பற்றி இணையத்தில் ஆபத்து, போகாதே என்று பயமுறுத்துகிறார்கள். பகலில் நான் போனேன், ஒருவரும் சீந்தவில்லை. 2015-இல் சிரியாவிலிருந்து ஓடி வந்தவர்கள் இங்கேதான் தங்கி, எதிரே உள்ள கிரேக்கத் தீவுகளுக்குப் படகேற ஆள் பிடித்தார்கள். செருப்புக்கடை, துணிக்கடையெல்லாம் உயிர்காப்பு அங்கி தொங்கவிட்டு விற்றன. தொண்ணூற்று மூன்று வருடம் கழித்து, கிட்டத்தட்ட அதே கடல், அதே தீவுகள்.

எங்கள் கூட்டத்தில் சிலர் இஸ்மிரைப் பற்றிச் சொன்ன இன்னொரு வாசகம் 'அப்படியே ஐரோப்பா மாதிரி'. கோர்டோனில் பெண்பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கும் பயமில்லாமல் உட்கார்ந்து பேசுகிறார்கள், பீர் குடிக்கிறார்கள், அதைப் பார்த்துச் சொன்னது. துருக்கியர்களே 'காவுர் இஸ்மிர்', காஃபிர்களின் இஸ்மிர், என்று பழையகாலத்தில் சொன்ன பெயர் இன்னும் கிண்டலாகப் புழங்குகிறது. அந்தப் பெயர் எதனால் வந்தது, அந்தக் 'காவுர்'கள் இப்போது எங்கே என்று யாரும் பஸ்ஸில் கேட்கவில்லை, வழிகாட்டியும் சொல்லவில்லை. 'ஐரோப்பா மாதிரி' என்பதும் 'பார்க்க ஒன்றுமில்லை' என்பதும் எனக்கு இப்போது ஒன்றுபோலத்தான் படுகிறது. எரிந்துபோன இடத்தில் நின்றுகொண்டு இங்கே ஒன்றுமில்லையே என்கிறோம், ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆகவே கட்டுரையாளரிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த பதிப்பிலோ இணையத்திலோ அந்த வரியை எடுத்துவிட்டு, இரண்டு இரவு தங்குங்கள் என்று போடுங்கள். சபைகளிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன், போலிகார்ப்பு ஆலயத்துக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள், முப்பது பேர் வாசலில் நின்று பாடிவிட்டு வருவதற்கு இவ்வளவு பணம் கட்டவில்லை. எபேசுவுக்கு இஸ்மிரிலிருந்து செல்சுக் வரைக்கும் ரயிலே போகிறது, வாடகைக் காருக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், ஏப்ரலோ அக்டோபரோ நல்லது. எபேசுவுக்கு மட்டும் ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், புதுத் தோல்செருப்பு வேண்டவே வேண்டாம். என் மனைவிக்கு இன்னும் மழைக்காலத்தில் கணுக்கால் குத்துகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர்,
தூத்துக்குடி.